வந்தார், வரவில்லை

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு என் திரையில் பதினோரு பேரின் பட்டியல் வந்து நின்றது. வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ் நாற்காலியை இழக்கப்போகிறவர்கள். பெயர்கள் இல்லை. நோயாளிகளின் பெயரை எடுத்துவிட்டுத்தான் சோதனைக்குத் தரவு தர வேண்டும் என்பது விதி. மருத்துவமனைக்காரர்கள் பெயரை எடுத்தார்கள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய உறவினரின் கைபேசி எண்ணை எடுக்க மறந்துவிட்டார்கள். ஏழாவது வரியில் இருந்த எண் எனக்கு மனப்பாடம். தினமும் காலையில் "வாத்தியாரே, நேத்து முடிச்சது பாஸா பெயிலா?" என்று கேட்டு எனக்கு அழைப்பு வருகிற எண் அது.

நான் சோதனையாளன். மற்றவர்கள் எழுதிய மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து பாஸ், பெயில் போடுகிறவன். அதனால்தான் வாத்தியார். பெயில் போடுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள். பொய் இல்லை. அன்றைக்கு மட்டும் பாஸாகப் போயிருந்த அந்தச் சோதனையைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எண்ணுக்குச் சொந்தக்காரர் அட்டை அக்கா. என்னென்ன செய்ய வேண்டும் என்பதை மஞ்சள் அட்டைகளில் எழுதிப் பலகையில் ஒட்டுவது அவர் வேலை. இதற்கு முன்னால் பதினேழு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தார். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், முப்பது வகுப்புகள், ஒரே ஒரு ஆய்வுக்கூடம், இவற்றை மோதாமல் கால அட்டவணையில் உட்கார வைப்பது அவருக்குக் கைவந்த கலை. எங்கள் நிறுவனம் அந்தப் பள்ளிக்கு அட்டவணை மென்பொருள் விற்கப் போனது. அக்கா ஒரு வாரம் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அறுபத்துமூன்று தப்புகளை வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை எப்படித் திருத்துவது என்றும் எழுதியிருந்தார். எங்கள் தலைவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதமே அவரை இங்கே வேலைக்கு எடுத்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது.

எங்கள் வேலை இரண்டு வாரச் சுற்றுகளாக நடக்கும். சுற்றின் முதல் நாள் எல்லோரும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டைக்கும் எவ்வளவு உழைப்பு ஆகும் என்று ஒரே நேரத்தில் ஆளுக்கொரு எண்ணைத் தூக்கிக் காட்டுவோம். ஒருவர் மூன்று புள்ளி என்பார், இன்னொருவர் எட்டு என்பார். சண்டை முடிந்தால்தான் டீ. அக்கா வந்த பிறகு அந்தச் சண்டையே நின்றுபோனது. பொத்தான் எந்த மூலையில் இருக்க வேண்டும், என்ன நிறம், அழுத்தினால் என்ன வாசகம் வர வேண்டும் என்பது வரை அவர் அட்டையில் இருக்கும். யோசிப்பதற்கு எங்களுக்கு எதையும் மிச்சம் வைக்கமாட்டார். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பிசைந்து வாயருகே கொண்டுவந்து கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

டயாலிசிஸ் நிலையத்தின் வேலை நான்கு மாதங்களுக்கு முன்னால் வந்தது. பதினாறு நாற்காலிகள். ஒவ்வொரு நோயாளிக்கும் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். சிறுநீரகம் நின்றுபோனவருக்கு அந்த நாற்காலிதான் உயிர். நிலையத்தின் மேலாளர் எங்கள் ஆபீசுக்கே வந்தார். பேச்சில் நறுக்கென்ற ஆள். "நாற்காலி காலியா கிடக்குது. வெளிய முப்பத்தெட்டு பேர் இடத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. ஞாபகப்படுத்தி மெசேஜ் போகணும். அப்படியும் வரலைன்னா இடம் தானா அடுத்தவங்களுக்குப் போயிடணும். இவ்வளவுதான் எனக்கு வேணும்," என்றார்.

அந்த முப்பத்தெட்டு பேரின் வயிற்றெரிச்சல் அக்காவுக்குத் தெரியும். அவருடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடமாக அதே நிலையத்தில் டயாலிசிஸ். அந்த இடம் கிடைக்க அக்கா ஐந்து மாதம் நடையாய் நடந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துப் பல்லைக் கடித்த நாட்கள் உண்டு என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார். அண்ணன் இப்போது தங்கை வீட்டோடு இருக்கிறார். அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு மாத்திரை என்று சமையலறைச் சுவரில் ஒரு கால அட்டவணை. தண்ணீர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார் அக்கா.

இரண்டே நாளில் இருபத்திரண்டு அட்டைகள் பலகையில் ஏறின. பதினான்காவது அட்டை இது: "இரண்டு மாதத்தில் மூன்று முறை வராத நோயாளியின் இடம், காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குத் தானாகப் போக வேண்டும். பழைய வருகைப் பதிவையும் சேர்த்து எண்ண வேண்டும். யாரும் கையால் தடுக்க முடியாதபடி இருக்க வேண்டும்." கடைசி வரி சிபாரிசுக்காரர்களை நினைத்து அக்கா சேர்த்தது. கூட்டத்தில் நிரல் எழுதும் பெண் ஒருத்தி மட்டும், "ஏன்க்கா வராம போறாங்க?" என்று கேட்டாள். அக்கா பார்வையைத் திருப்பாமல், "அது நம்ம அட்டையில இல்லம்மா. திமிரு, வேறென்ன," என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஐந்து புள்ளி என்று ஏகமனதாக எண்ணைத் தூக்கினோம்.

இப்போது அந்த ஐந்து புள்ளி வேலை முடிந்து, ஒரு பிழையும் இல்லாமல் ஓடி, அவர் அண்ணனையே பட்டியலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அச்சு இயந்திரம் இருக்கும் சின்ன அறைக்கு அக்காவைக் கூப்பிட்டுப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"டேட்டா தப்பு," என்றார் உடனே.

"தேதி இருக்குக்கா. மூணு சனிக்கிழமை."

"அண்ணன் ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல, வாத்தியாரே. சனிக்கிழமை எனக்கு லீவு. நானே பாக்குறேனே. பதினொன்றரைக்குப் பையை எடுத்துக்கிட்டுப் போவான், அஞ்சு மணிக்கு வருவான்."

தாளை வாங்கித் தேதிகளைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து எதையோ தேடினார். தினமும் அண்ணனின் எடையைக் குறித்து வைப்பாராம். அந்த மூன்று சனிக்கிழமைகளுக்கும் பிறகு வந்த திங்கட்கிழமைகளில் எடை ஏறியிருந்தது, கால் வீங்கியிருந்தது. அந்த மூன்று திங்கட்கிழமையும் அண்ணன் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துவிட்டதாக நினைத்து அவரைக் கண்டபடி திட்டியிருக்கிறார். அண்ணன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாராம். நான் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரவு வீட்டில் கேட்க வேண்டாம், நிலையத்திலேயே நேரில் போய்க் கேட்கலாம் என்று அக்கா விட்டுவிட்டார். மறுநாள் வியாழன், அண்ணனின் முறை. மதியம் நானும் கூடப் போனேன். தனியாக விட மனசில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது, மறைப்பானேன். மருந்து நெடி அடிக்கும் நீண்ட கூடம். இரண்டு பக்கமும் எட்டெட்டு சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு இயந்திரம். ஒரு நாற்காலியும் காலியாக இல்லை. அண்ணன் ஜன்னலோரம் கையை நீட்டிப் படுத்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"சனிக்கிழமை எங்க போனன்னு கேக்காத பாப்பா," என்றார். நாற்பத்தாறு வயதுத் தங்கை அவருக்கு இன்னும் பாப்பா. "வந்துட்ட இல்ல, அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருப்ப."

"எங்க போன?"

"நம்ம லிஃப்ட் பட்டறையில உக்காந்திருந்தேன். அஞ்சு மணி வரைக்கும்."

"சாகணும்னு முடிவு பண்ணிட்டியா?"

"நாந்தான் முந்தின நாளே வந்து பண்ணிக்கிட்டேனே. வெள்ளிக்கிழமை."

விஷயம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. திங்கள், புதன், வெள்ளி மதியம் அந்த ஜன்னலோர நாற்காலி ஒரு பள்ளி வேன் ஓட்டும் அம்மாளுடையது. பள்ளி மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை அரை நாளோடு விடும். அந்த நேரத்தில் அவர் நாற்காலியில் படுத்திருந்தால் பதினான்கு பிள்ளைகள் வாசலில் நிற்கும். அதனால் அந்த வெள்ளிக்கிழமைகளில் அண்ணன் அவர் இடத்தில் வந்து படுத்துக்கொள்வார். மறுநாள் சனிக்கிழமை வேன்காரம்மா அண்ணன் இடத்துக்கு வருவார். திரையிலோ அந்த நேரத்துக்கு உரியவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். வந்தார், வரவில்லை என்று இரண்டே கட்டம். வேறு ஆள் வந்தால் குறிக்க இடமில்லை. ஆகவே நாற்காலியில் ஆள் படுத்திருக்கும்போதே திரையில் "வரவில்லை" என்று விழுந்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமை பண்ணிட்டு அடுத்தது செவ்வாய்க்கிழமை. நடுவுல மூணு நாள் சும்மா. உடம்பு என்னாகும்னு தெரியுமா உனக்கு?" என்றார் அக்கா.

"தெரியும். அந்தம்மாவுக்கு வேற ஆள் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். "உன்கிட்ட சொன்னா நீ என்னன்னு கேக்கமாட்ட பாப்பா. என்ன பண்ணணும்னு சொல்லுவ."

நான் அங்கே நின்றிருக்கக் கூடாது என்று தோன்றியது.

தலைமை சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளமான, வேகமான பெண். அக்கா போய்க் கேட்டதும் எங்களை மருந்து அலமாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம். யார் யாரோடு எந்த நாளை மாற்றிக்கொண்டார்கள், வரும்போது என்ன எடை, போகும்போது என்ன எடை, எல்லாம் அதில் இருந்தது. என்னிடமிருந்த பதினோரு பேரை, வராத தேதியையும் நேரத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். ஏழு பேர் இப்படி மாற்றிக்கொண்டவர்கள். மீதி நான்கு பேர் உண்மையாகவே வரவில்லை. ஏன் என்று சிஸ்டருக்கும் தெரியாது.

"இந்த நோட்டைப் படம் எடுத்துக்கலாமா சிஸ்டர்?"

சிஸ்டர் நோட்டை மூடிவிட்டார். "மாத்தி உக்கார வைக்கக் கூடாதுன்னு எழுத்துல உத்தரவு இருக்கு. இது வெளிய போனா நானும் வெளிய போயிடுவேன். நீங்க பாக்கவே இல்லன்னு நெனச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆபீசில் இறுதிக் கூட்டம். எங்கள் தலைவருக்குக் காலண்டர் என்று பெயர். தேதியைத் தவிர அவருக்கு வேறு தெய்வம் இல்லை. இருபத்திரண்டு அட்டைகளும் "முடிந்தது" என்ற பகுதியில் வரிசையாக இருந்தன. நிலைய மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து ஒவ்வொன்றுக்கும் பாஸ் சொல்ல வேண்டும். பதின்மூன்று வரை சொல்லிவிட்டேன்.

அக்கா எழுந்துபோய்ப் பதினான்காவது அட்டையை உரித்து எடுத்தார். அந்த இடத்தில் வேறொன்றை ஒட்டினார். அதில் ஒரே ஒரு வரி: "இந்தப் பதினோரு பேர் ஏன் வரவில்லை?" கீழே வெற்றிடம். பொத்தான் இல்லை, நிறம் இல்லை, வாசகம் இல்லை. ஏழு வருடத்தில் அப்படி ஒரு அட்டையை அவர் எழுதி நாங்கள் பார்த்ததில்லை.

காலண்டர் ஒரு தடவை இருமினார். "இதுக்கு எத்தனை புள்ளி போடறது? கேள்வியை எல்லாம் எப்படி டெலிவரி பண்றது?"

"தெரியல. ரெண்டு வாரம் குடுங்க. போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"திங்கக்கிழமை ரிலீஸ் வச்சுக்கிட்டு இன்னைக்குப் போய் ஏன்னு கேக்கறதா? நல்லா இருக்கு."

மேலாளர் கையை உயர்த்தினார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் உங்ககிட்ட கேள்வி கேட்டு வரல. வழி என்னன்னு சொல்லிட்டேன், நீங்களும் செஞ்சு முடிச்சிட்டீங்க. போன வாரம் காத்திருந்தவங்கள்ல ஒருத்தர் போயிட்டார். முப்பத்தெட்டு இப்ப முப்பத்தேழு. நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அந்தக் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை.

"அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர் எங்க அண்ணன்," என்றார் அக்கா.

"ஓ. அப்ப உங்க அண்ணனுக்காக நிறுத்தச் சொல்றீங்க."

"ஆமா சார். அண்ணன் இல்லைன்னா நான் திரும்பிக்கூட பார்த்திருக்கமாட்டேன், எனக்கே வெக்கமா இருக்கு. மத்த பத்து பேருக்கு இந்த ரூம்ல சொந்தக்காரங்க யாரும் இல்ல."

காலண்டருக்கு உடனே முகம் தெளிந்துவிட்டது. "அட, இவ்வளவுதானா. அவர் ஒருத்தரை மட்டும் விதியிலேர்ந்து விலக்கிடலாம். ஒரு வரி வேலை. சாருக்கு ஆட்சேபணை இல்லையே?"

மேலாளர் தோளைக் குலுக்கினார். "ஒருத்தர்தானே. செஞ்சுக்குங்க."

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று ஒரு வார்த்தை. அண்ணன் பிழைத்துக்கொள்வார், திங்கட்கிழமை வேலை போய்ச் சேரும், எங்கள் எல்லோருக்கும் நல்ல பெயர். அவர் இடத்தில் நானாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன், சந்தேகமே இல்லை. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வேண்டாம்," என்றார். "யாரும் கையால தடுக்க முடியாதபடின்னு எழுதினது நான்தான்."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, மற்றவர்கள் மேலா, எனக்கே தெரியவில்லை. "பதினாலு பெயில்," என்றேன்.

"எந்தக் காரணத்துக்கு?" என்று காலண்டர் எரிந்து விழுந்தார்.

"வராதவங்க இடம் போகணும்னு அட்டையில இருக்கு. வந்தவங்க இடமும் போகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காட்டறேன்." எதை வைத்துக் காட்டப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. நோட்டு சிஸ்டரின் இழுப்பறையில் இருந்தது.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல."

ஆட்டோவில் போகும்போது நான் வழி சொல்லிக்கொண்டே வந்தேன். நோயாளிகளிடம் எழுதி வாங்கலாம், இயந்திரத்தில் பதிவு இருக்கிறதா பார்க்கலாம், சிஸ்டர் பெயரை மறைத்துவிட்டு நோட்டின் பக்கங்களை மட்டும் காட்டலாம் என்று. அக்கா காதில் வாங்கவே இல்லை. சிஸ்டரின் முன்னால் போய் நின்றதும் கையைப் பிசைந்தார். எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிற கை.

"சிஸ்டர், நோட்டைக் காட்டினா உங்க வேலை போயிடும். காட்டலைன்னா ஏழு பேரோட இடம் போயிடும். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நான் ஒண்ணும் யோசிச்சுக்கிட்டு வரல. உங்களைக் கேக்கலாம்னுதான் வந்தேன்."

சிஸ்டர் கையுறையைக் கழற்றினார். "பத்தொன்பது வருஷமா இங்க இருக்கேன். மெஷின் மாத்தினாங்க, திரை மாத்தினாங்க, ஒருத்தரும் என்னை வந்து கேட்டதில்ல." கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பதினாறு நாற்காலியிலும் ஆள் இருந்தது. "நாலு மணிக்கு இவங்களை எல்லாம் கழட்டி விடணும். அதுக்கப்புறம் போறேன். நீங்க யாரும் கூட வராதீங்க."

நாலு ஐம்பதுக்கு அந்த நோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குள் போனார். நாங்கள் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தே காலுக்குக் காலண்டரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது: பதினான்கை நிறுத்தி வைக்கவும். அக்கா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த சுற்றில் நோயாளிகள் தங்களுக்குள் நாளை மாற்றிக்கொள்ளும் வசதியைச் செய்தோம். இரண்டு டயாலிசிசுக்கு நடுவில் இடைவெளி அதிகமானால் அது எச்சரிக்கும். அண்ணனுக்கும் வேன்காரம்மாவுக்கும் பொருத்தமாக வேறு ஒரு ஆளையும் சேர்த்து மூன்று பேராக மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. உண்மையாகவே வராத நான்கு பேரை அக்கா ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். ஒருவர் ஊசிக்குப் பயந்தவர், ஒருவரைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை, ஒருவர் பதில் சொல்ல மறுத்துவிட்டார், ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் இடம் மூன்று வாரமாகக் காலியாகவே கிடந்திருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் பாராட்டுக் கடிதம் வந்தது. அதே வாரம் தலைமை சிஸ்டரை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். உத்தரவை மீறியதற்காக.

சிஸ்டரை மாற்றிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. "வாத்தியாரே, நிலையத்துக்கு வா," என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டார். போனபோது மேலாளரின் அறையில் அவரும் அக்காவும் அண்ணனும் இருந்தார்கள். அண்ணனின் இடது கை முழங்கைக்குக் கீழே கறுத்து வீங்கி, தோல் பளபளத்தது. அந்தக் கையில்தான் டயாலிசிசுக்காக அறுவை செய்து ரத்தக்குழாயைத் தயார் பண்ணி வைத்திருப்பார்கள். புதிதாக வந்த சிஸ்டர் நாலு இடத்தில் குத்தியும் குழாய் பிடிபடவில்லை. ரத்தம் தோலுக்கடியில் கசிந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய், இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள், செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டிருந்தாள். வியாழனன்று பண்ணிக்கொண்டது, அடுத்தது செவ்வாய் என்றால் ஐந்து நாள் இடைவெளி. அண்ணனுக்கு இப்போதே மூச்சு வாங்கியது.

மேலாளர் திரையில் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் செய்த திரை. நான் பாஸ் போட்ட திரை. "பன்னெண்டு மணிக்கு வந்தார்னு இருக்கே," என்றார்.

ஆமாம், வந்தார். பதினாறு நாற்காலி, வந்தார் என்பதற்குப் பதினாறு பச்சைப் புள்ளி. எனக்கு அங்கேயே அந்தத் திரையைக் குத்தி உடைக்கலாம் போலிருந்தது.

அக்கா அண்ணனின் கையைத் தூக்கி மேசை மேல், மேலாளருடைய காகிதங்களின் மேலேயே வைத்தார். மேலாளர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, இப்ப என்ன செய்யணும்கிறீங்க?" குரல் இறங்கியிருந்தது. "ஏதாவது அட்டை எழுதிக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"இல்ல சார். இதுக்கெல்லாம் என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியாது. இவனுக்கு இன்னைக்கு ரத்தம் சுத்தம் பண்ணியாகணும். அந்தக் கையில யாரால குத்த முடியும்னு நீங்களே சொல்லுங்க."

மேலாளர் தொலைபேசியை எடுத்தார்.

சிஸ்டர் கிடங்கிலிருந்து பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். கையில் பெட்டிகளின் தூசி. கையைக் கழுவினார், அண்ணனை ஜன்னலோர நாற்காலியில் படுக்க வைத்தார், வீக்கத்துக்கு மேலே, தோளை ஒட்டி விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. புதிய பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு அவள் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். "துடிக்குதா? அதுதான். ஞாபகம் வச்சுக்கோ. மூச்சை இழுத்துப் பிடிங்கண்ணே."

முதல் குத்திலேயே குழாயில் ரத்தம் ஏறியது. இரண்டாவது ஊசியும் போனது. அண்ணன் மூச்சை விட்டார்.

மேலாளர் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சிஸ்டர் இயந்திரத்தை ஓடவிட்டு, அழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கிடங்கின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"இது முடிய நாலு மணி நேரம் ஆகும் சார். நான் இவரை விட்டுட்டு வரமாட்டேன். நாளைக்கும் இங்கதான் வருவேன், நீங்க என்ன எழுதினாலும் எழுதிக்குங்க."

சாவியை நீட்டினார். மேலாளர் அவர் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டார்.